இடப்பக்கம் போகாத பந்து

எங்கள் பக்கத்து உடற்கல்வி ஆசிரியர்கள் நான்கு பேர் கூடினால் என்னைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ஒரு கல்லூரிப் பெண்கள் கால்பந்து அணி ஐந்து ஆட்டங்களாக ஒரு கோல்கூடப் போடவில்லை. ஏனென்று யாருக்கும் புரியவில்லை. ஹெலன் மேடம் தன் நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்து, 'நம் எட்டாம் நம்பர் பெண்ணுக்கு இடது காது கேட்கவில்லை' என்று கண்டுபிடித்துவிட்டார். கேட்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். இந்தக் கதையைக் கிளப்பிவிட்டவள் நானேதான். பயிற்சி முகாம்களில், பிரிவு உபசார விழாக்களில், என் சொந்தத் தம்பி வீட்டுக் கல்யாணத்தில்கூடச் சொல்லியிருக்கிறேன்.

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. அம்பத்தூருக்கும் அயனம்பாக்கத்துக்கும் நடுவில் இருக்கும் ஒரு மகளிர் கல்லூரியில் இருபத்தாறு வருடம் உடற்கல்வி இயக்குநராக இருந்தேன். போன மாதம் என் இடத்துக்கு வந்திருக்கும் சங்கீதா போன் செய்தாள். கல்லூரியில் ஒரு கேமரா வாங்கியிருக்கிறார்களாம். அது தானாகத் திரும்பிப் பந்தின் பின்னாலேயே போகுமாம். ஆட்டம் முடிந்ததும் யார் யாருக்கு எத்தனை பாஸ் தந்தார்கள் என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடுமாம்.

"எல்லாம் காட்டுது மேடம். ஏன்னு மட்டும் சொல்ல மாட்டேங்குது. நீங்க ஒரு நாள் வந்து அந்த எட்டாம் நம்பர் கதைய எங்களுக்கு சொல்லணும்" என்றாள்.

சரி என்று சொல்லிவிட்டேன். புகழுக்கு ஆசைப்படாத ஆள் இல்லை நான். பேசுவதற்குக் குறிப்பு எடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். பாதிக்கு மேல் பேனா நகரவில்லை. அதனால் முழுதாகவே எழுதிவிடுகிறேன்.

என் படிப்பு, பயிற்சியெல்லாம் யாருக்கும் சுவாரசியமாக இருக்காது. ஆவடியில் குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன், ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் பையன்களோடு பந்து உதைத்தேன், அதற்காக அப்பாவிடம் உதை வாங்கினேன். உடற்கல்விப் படிப்பில் சேர்ந்தபோது எனக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்தவர் துரைசாமி சார். என்னிடம் இருக்கும் நல்லது கெட்டது இரண்டுமே அவரிடமிருந்து வந்தவை.

துரைசாமி சார் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட், மடித்த கைக்குட்டை. யாராவது தப்பு செய்தால் அருகில் கூப்பிடுவார். இடது கையிலிருந்த கடிகாரத்தை நிதானமாகக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார். சொன்னது என்ன, செய்தது என்ன என்று இரண்டு கேள்வி கேட்பார். பதில் சொல்லி முடித்ததும் ஒரு அறை விழும். பிறகு கடிகாரத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டு ஆட்டத்தைப் பார்ப்பார். அந்த நிதானம் எங்களுக்குப் பெரிய கௌரவமாகத் தெரிந்தது. கோபத்தில் அடிப்பவன் ரவுடி, கோபமில்லாமல் அடிப்பவர் குரு என்று நாங்கள் பேசிக்கொள்வோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவர் கற்றுக்கொடுத்த இன்னொன்று குரல் ஆட்டம். எங்கள் பக்கத்து மைதானங்களில் புல் கிடையாது. சரளையும் மேடு பள்ளமும்தான். பந்து எப்போது எங்கே துள்ளும் என்று சொல்ல முடியாது. யாருக்குப் பாஸ் தரலாம் என்று நிமிர்ந்து பார்க்கும் நேரத்தில் பந்து ஓடிப்போய்விடும். அதனால் பந்து வைத்திருப்பவள் தலையைக் குனிந்தே இருக்க வேண்டும். காலியாக நிற்பவள் 'ஹோ' என்று ஒரே ஒரு முறை குரல் கொடுக்க வேண்டும். குரல் வந்த திசைக்குப் பந்து போக வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, கூப்பிட்டால் எதிரணிக்குத் தெரிந்துவிடும். பதினோரு பேருக்கும் ஒரே 'ஹோ'தான். புல்தரையில் ஆடுகிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஆனால் எங்கள் சரளைத் தரையில் எங்களை ஜெயிக்க அவர்களால் முடிந்ததில்லை.

இந்த ஆட்டத்துக்கு நடுவில் நிற்கும் எட்டாம் நம்பர்தான் உயிர். முன்னால் இருப்பவர்கள் எல்லோருக்கும் பந்து அவள் காலிலிருந்துதான் போக வேண்டும். இருபத்தாறு வருடத்தில் எனக்குக் கிடைத்த சிறந்த எட்டாம் நம்பர் மகேஸ்வரி. வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் வருவாள். அப்பா இல்லை. அம்மா அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு மாத்திரைக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தார். ஒல்லியான பெண், பேச்சே வராது. பந்து காலுக்கு வந்துவிட்டால் மட்டும் யாருக்கும் பயப்பட மாட்டாள். பின்னால் இருந்து மெல்ல ஒரு 'ஹோ' வந்தாலும் திரும்பாமலே குதிகாலால் தட்டிவிடுவாள். பந்து சரியாகக் காலில் போய் உட்காரும். அவள் மூன்றாம் வருடம் படிக்கும்போது, மத்திய அரசு நிறுவனம் ஒன்று விளையாட்டு ஒதுக்கீட்டில் பெண்கள் கால்பந்து அணிக்கு ஆள் எடுக்கப்போவதாகச் செய்தி வந்தது. நிரந்தர வேலை. மகேசுக்கு அது கிடைத்துவிடும் என்று நான் மட்டுமில்லை, எல்லோருமே நம்பினோம். அவள் அம்மா மைதானத்துக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அதுக்கு ஒரு வேல கெடச்சிட்டா போதும் மேடம், நான் ஊட்ல ஒக்காந்துடுவேன்" என்றார்.

அந்த வருடம் கல்லூரிகளுக்கிடையிலான லீக் தொடங்கியது. முதல் ஆட்டத்தின் முதல் பாதியில் மகேசு மூன்று முறை பந்தை இழந்தாள். மூன்று முறையும் தலையை நிமிர்த்திப் பார்த்தாள், அதனால் இழந்தாள். ஆள் தேர்ந்தெடுக்க வரப்போகிறவர்கள் புல்தரைக்காரர்கள், அவர்களுக்கு நிமிர்ந்து ஆடுகிறவர்களைத்தான் பிடிக்கும் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். அவளும் பழகிப் பார்த்திருக்கிறாள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இடைவேளையில் அவளைக் கூப்பிட்டேன். கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி, அணியின் இன்னொரு பெண் ஜெனிபரிடம் கொடுத்தேன். என்ன சொன்னேன், என்ன செய்தாய் என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்தாள். ஓங்கி ஒரு அறை விட்டேன். விசிலைத் திரும்ப வாங்கி மாட்டிக்கொண்டேன். எதிரில் நிற்பவரை வலது கையால் அடித்தால் அது இடது காதில்தான் விழும். இருபது வருடத்துக்கு மேல் அடித்தவளுக்கு இந்தச் சின்ன விஷயம் ஒரு நாளும் தோன்றவில்லை.

அந்த ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததில் தோற்றோம். ஐந்து ஆட்டங்கள் ஆகியும் ஒரு கோல் இல்லை. பிரின்சிபால் கூப்பிட்டுக் கேட்டார். என்னுடன் பயிற்சி பெற்ற பழைய தோழிகள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். முன்வரிசையை மாற்றினேன். இடது விங்கில் ஓடும் ஜெனிபரை வலது பக்கம் அனுப்பினேன். ஓட்டத்தைக் கூட்டினேன். ஒன்றும் ஆகவில்லை.

என்னிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நோட்டில் இரண்டு பக்கம் ஒதுக்குவேன், பாதிக்கு ஒரு பக்கம். பக்கத்தில் மைதானத்தை வரைந்து, எட்டாம் நம்பர் காலிலிருந்து பந்து போகும்போதெல்லாம் போன திசைக்கு ஒரு கோடு இழுப்பேன். சேர்ந்தால் நேர்க்கோடு, சேராவிட்டால் நெளிகோடு. கேமரா இல்லாத காலத்தில் அதுதான் எங்கள் கேமரா. ஐந்தாவது ஆட்டத்துக்குப் பிறகு பத்துப் பக்கங்களையும் கிழித்து வீட்டுத் தரையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். ஒரே ஒரு பக்கம் தவிர மற்றதிலெல்லாம் கோடுகள் வலது பக்கமே போயிருந்தன. இடது பக்கம் வெறுங்காகிதமாகக் கிடந்தது.

ஜெனிபரோடு சண்டை, அதனால்தான் அந்தப் பக்கம் தருவதில்லை என்று முடிவு கட்டினேன். பெண் பிள்ளைகள் என்றால் சண்டைதான் இருக்கும் என்று நினைக்கும் புத்தி எனக்கும் இருந்தது. ஆனால் ஜெனிபரை வலது பக்கம் அனுப்பிய ஆட்டத்தில் அவளுக்குத்தான் எல்லாப் பாஸும் போயிருந்தது. இடது பக்கம் வந்து நின்ற வேறொருத்திக்கு ஒன்றும் போகவில்லை. சண்டை இல்லை என்று புரிந்தது. வேறு என்ன என்று புரியவில்லை.

அடுத்த நாள் பயிற்சியில் மகேசை நடுவட்டத்தில் தனியாக நிறுத்தினேன். தலையைக் குனிந்து காலடியிலிருக்கும் பந்தைப் பார்க்கச் சொன்னேன். மற்றவர்களைச் சுற்றி நிறுத்தி, நான் கை காட்டுகிறவள் மட்டும் 'ஹோ' சொல்ல வேண்டும் என்றேன். முன்னால் நின்றவள் சொன்னாள், பந்து வலப்பக்கமாக விலகிப் போனது. வலப்பக்கத்தவள் சொன்னாள், சரியாகப் போனது. இடப்பக்கம் நின்ற ஜெனிபருக்குக் கை காட்டினேன். அவள் அடித்தொண்டையிலிருந்து 'ஹோ' என்றாள். மகேசு பந்தை வலப்பக்கம் யாரும் இல்லாத இடத்துக்கு உதைத்தாள். உதைத்துவிட்டு, சரியாகத்தான் போட்டோமா என்று என் முகத்தைப் பார்த்தாள். ஒரு காது மட்டும் கேட்டால் எந்தச் சத்தமும் அந்தக் காதின் பக்கமிருந்தே வருவதுபோல இருக்குமாம். பிறகு டாக்டர் சொன்னார்.

"ஒனக்கு காது கேக்கலியாடி?" என்று கேட்டேன். ஜெனிபர்தான் சொன்னாள். "எங்களுக்கு தெரியும் மேடம். அந்த மொத மேட்ச்ல இருந்தே அவளுக்கு கேக்கல. உங்க கிட்ட எப்டி மேடம் சொல்றது?"

கதை சொல்லும்போது ஜெனிபரின் இந்த வார்த்தையை நான் சொன்னதே இல்லை. நான் பெரிதாகக் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்ட விஷயம் மைதானத்திலிருந்த அத்தனை பிள்ளைகளுக்கும் முன்பே தெரிந்திருந்தது. தெரியாதவள் நான் ஒருத்திதான். ஜெனிபர் முதல் மேட்ச் என்று சொன்னபோதுகூட எனக்கு உறைக்கவில்லை என்றால் நம்புவீர்களா? அந்த நிமிடம் நான் கண்டுபிடித்த சந்தோஷத்தில் இருந்தேன்.

மகேசையும் அவள் அம்மாவையும் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் நானே அழைத்துப்போனேன். வயதானவர், பொறுமையாகப் பார்த்தார். சவ்வு கிழிந்திருக்கிறது, உள்ளே சீழ் பிடித்திருக்கிறது என்றார். ஏதாவது ஊற்றினீர்களா என்று கேட்டார். வலிக்குது என்று பெண் சொன்னதால் எண்ணெய் காய்ச்சி ஊற்றினேன் என்றார் அம்மா. டாக்டர் அவரைக் கடிந்துகொண்டார். கிழிந்த சவ்வு தானாக ஆறியிருக்கும், எண்ணெய் போனதால்தான் இப்படிப் புரையோடிவிட்டது என்றார். பிறகு மகேசிடம் திரும்பி, எப்படிக் கிழிந்தது, யாராவது அடித்தார்களா என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் ஆட்டத்தின் முதல் பக்கத்தில் இடப்பக்கம் கோடுகள் இருந்தன. இரண்டாம் பக்கத்தில் இல்லை. நடுவில் இருந்தது இடைவேளை மட்டும்தான்.

மகேசு என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "பந்து பட்டுச்சு சார்" என்றாள்.

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். நான் வாய் திறக்கவில்லை. வெளியே வந்ததும் அம்மா நடைபாதையில் உட்கார்ந்து அழுதார். "நாந்தான் மேடம் கெடுத்துட்டேன். எண்ணெ ஊத்தி கெடுத்துட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் அவர் தோளைத் தொட்டு, தெரியாமல் செய்ததுதானே என்று ஆறுதல் சொன்னேன். ஆமாம், அப்படித்தான் சொன்னேன். இதை எழுதும்போது என்னை எனக்கே பிடிக்கவில்லை.

மிச்ச ஆட்டங்களில் அவளை நிமிர்ந்து பார்த்து ஆடச் சொன்னேன். குரல் வேண்டாம், கண்ணால் பார்த்துக் கொடு என்றேன். அவளால் முடியவில்லை. ஒவ்வொரு முறை தலையைத் தூக்கும்போதும் அவள் கண் முதலில் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்ற என்மேல்தான் வந்து போனது. அதற்குள் பந்து போய்விடும். எங்கள் அணியின் தாக்குதல் ஏன் செத்துப்போனது என்று கேட்டால் இதுதான் முழுப் பதில். கேட்கிற காதையும் அடித்துவிட்டேன், பார்க்கிற கண்ணையும் பயமுறுத்திவிட்டேன்.

இருந்தும் அந்த நிறுவனத்தின் தேர்வில் அவள் பெயர் வந்தது. அங்கே நல்ல புல்தரை. நான் போகவில்லை, கல்லூரியில் பரீட்சை வேலை இருந்தது. நான் இல்லாததால் நிமிர்ந்து ஆடியிருக்கிறாள் என்று இப்போது தோன்றுகிறது. பட்டியல் வந்த நாள் அவள் அம்மா கம்பெனி முழுக்க மிட்டாய் கொடுத்தார்.

அடுத்த மாதம் மருத்துவப் பரிசோதனை. நாள்பட்ட காது நோய் என்று எழுதித் தள்ளிவிட்டார்கள். மேல்முறையீடு செய்ய ஒரு மாதம் தந்தார்கள். நோய் இல்லை, அண்மையில் ஏற்பட்ட காயம், அதுவரை காது நன்றாக இருந்தது என்று கல்லூரி எழுதித் தர வேண்டும். அப்படி நிரூபித்தால் அறுவைச் சிகிச்சை முடியும்வரை இடத்தை நிறுத்திவைப்போம் என்றார்கள். எழுதித் தர வேண்டியவள் நான்.

வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு என் அறையில் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். 'நான் அடித்தேன்' என்று எழுதினால் வேலை போகும். விசாரணை வரும். துரைசாமி சார் காலமில்லை இது. வீட்டில் அப்போது என் சம்பளம் மட்டும்தான். இதையெல்லாம் காரணமாகச் சொல்லலாம். நிஜமான காரணம் பயம், அதைவிட மானம். முதல் ஆட்டத்தில் பந்து பலமாகத் தாக்கியதால் காயம் ஏற்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினேன். கவரில் போட்டு மகேசிடம் கொடுத்தேன். அவள் தாங்க்ஸ் மேடம் என்றாள்.

மேல்முறையீடு தள்ளுபடி ஆனது. லீக் நடத்தியவர்களிடம் அந்த ஆட்டத்தின் மேட்ச் ஷீட்டைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும் ரெஃப்ரியும் இரண்டு அணிப் பொறுப்பாளர்களும் கையெழுத்திடும் தாள் அது. அதில் 'காயம்' என்ற கட்டத்துக்கு எதிரே 'இல்லை' என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டிருந்தவள் நான். பந்து யார்மேலும் படவில்லையே, வேறு என்ன எழுதுவேன்? இரண்டு தாளிலும் ஒரே கையெழுத்து. கடிதம் பொய் என்று முடிவு செய்தார்கள், அது சரிதான். உண்மையை எழுதியிருந்தால் ஏற்றிருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. மேட்ச் ஷீட்டோடு அது முரண்பட்டிருக்காது, அது மட்டும் தெரியும். ஆட்டத்தில் காயம் இல்லை. இடைவேளையில்தான் காயம்.

பிறகு அரசு ஆஸ்பத்திரியில் காது ஆபரேஷன் ஆனது. பாதிதான் கேட்கத் தொடங்கியது. மகேசு பட்டம் வாங்கினாள், எஸ்டேட்டிலேயே வேலைக்குப் போனாள், கல்யாணம் ஆனது. அந்தக் கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதிச் சாப்பிட்டுவிட்டும் வந்தேன். அதற்குப் பிறகு நான் யாரையும் அடிக்கவில்லை. ஆனால் கதை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன், டாக்டர் வாசலோடு நிறுத்தி.

சங்கீதாவுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் போன ஞாயிற்றுக்கிழமை வெள்ளானூருக்குப் போனேன். புதிதாகப் போட்ட பிளாட்டுகளுக்கு நடுவில் மகேசு குடியிருக்கும் வீட்டைத் தேடிப் பிடிக்கச் சிரமப்பட்டேன். அவள் புருஷன் வேலைக்குப் போயிருந்தார். மதியச் சாப்பாடு ஆகிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அடுப்பைக் குறைத்துவிட்டு நாற்காலி போட்டாள். அவளுடைய வலது பக்கமாக நாற்காலியை அவளே நகர்த்திக்கொண்டாள். அம்மா போன வருடம் தவறிவிட்டார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

சுற்றி வளைக்காமல் சொன்னேன். அடித்தது நான், அதை டாக்டரிடமும் சொல்லவில்லை, கடிதத்திலும் எழுதவில்லை, உன் வேலையைக் கெடுத்தது நான்தான் என்றேன். அவள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவிடமாவது சொன்னாயா என்று கேட்டேன்.

"சொல்லல மேடம். கடசி வரைக்கும் எண்ணெ ஊத்துனதாலதான்னு சொல்லிகினே இருந்துச்சு. நானும் உட்டுட்டேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். பழசெல்லாம் எதுக்கு மேடம் என்றாள். குக்கர் சத்தம் போட்டது, எழுந்து போய் அணைத்துவிட்டு வந்தாள். வந்தவள் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னாள்.

"அந்த கவர நீங்க ஒட்டாமதான் குடுத்தீங்க. டிரெயின்ல படிச்சேன். பந்துன்னு எழுதி இருந்துச்சு. மேட்ச் ஷீட்ல காயம் இல்லன்னு போட்டது எனக்கு தெரியும் மேடம், நீங்க கையெழுத்து போடும்போது நாந்தான் பேனா குடுத்தேன். மாட்டிக்குமேன்னு பக்குன்னு ஆயிடுச்சு. அடுத்த ஸ்டேஷன்ல எறங்கிட்டேன். திரும்பி வந்து, மாத்தி எழுதி குடுங்கன்னு உங்கள கேக்கலாம்னு ரெண்டு வண்டி போற வரைக்கும் பிளாட்பாரத்துலயே ஒக்காந்துகினு இருந்தேன்."

ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"அடிப்பீங்கன்னு பயந்துட்டேன் மேடம்" என்றாள்.